கிரானடாவில் இரண்டு மூன்று நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் தெற்கே, அந்தலூசியாவில், சியேரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கிறது கிரானடா. நஸ்ரிட் வம்சத்துச் சுல்தான்கள் 1492 வரை இங்கிருந்து ஆண்டார்கள். அவர்கள் கட்டிய அல்ஹம்ப்ரா என்ற மலைக்கோட்டை அரண்மனையைப் பார்க்கத்தான் பெரும்பாலானோர் வருகிறார்கள். அதனால் பயணத் திட்டத்தை அல்ஹம்ப்ரா டிக்கெட்டில் அச்சாகும் ஒரு நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் பொருத்திக்கொள்ளலாம்.

எத்தனை நாள் போதும்?

இரண்டு இரவு, நடுவில் முழுசாக ஒரு பகல், வரும் நாளிலும் கிளம்பும் நாளிலும் அரை அரை நாள். இது இருந்தால் அல்ஹம்ப்ரா, அல்பைசின் என்ற பழைய மேட்டுத் தெருக்கள், கதீட்ரல், அரச குடும்பத்துக் கல்லறைக் கோயிலான ராயல் சேப்பல் எல்லாவற்றையும் ஓடாமல் பார்த்துவிடலாம். மூன்றாவது இரவும் கிடைத்தால் மலைக்கிராமங்களுக்குப் போய்வரலாம்.

மலாகாவிலிருந்தோ செவில்லிலிருந்தோ காலையில் வந்து மாலையில் திரும்புவதும் முடியும்தான். ஆனால் அல்ஹம்ப்ராவுக்கு மட்டுமே 4 மணி நேரம் போய்விடும். ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

எதை முதலில் பதிவு செய்வது: விமானமா, ஓட்டலா, அல்ஹம்ப்ராவா?

போகும் வாரம் முடிவானதும் அல்ஹம்ப்ரா. உள்ளே இருக்கும் நஸ்ரிட் அரண்மனைகளுக்கு அரை மணிக்கு ஒரு தொகுதியாக, எண்ணி வைத்த ஆட்களைத்தான் விடுவார்கள். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பல வாரங்களுக்கு முன்பே எல்லா நேரமும் தீர்ந்துபோகும். ஓட்டல் அறை கடைசி நிமிடத்தில்கூடக் கிடைக்கும், விலை கூடியாவது. இந்த டிக்கெட் அப்படிக் கிடைக்காது.

அல்ஹம்ப்ராவை நிர்வகிக்கும் அரசு அமைப்பின் பெயர் பாத்ரொனாத்தோ தே லா அல்ஹம்ப்ரா இ ஹெனரலீஃபே. டிக்கெட்டை அதன் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். தேடுபொறியில் மேலே விளம்பரமாக வரும் தளங்கள் பல அதே நிறம், அதே படங்களோடு இருக்கும். அவை இடைத்தரகர்களுடையவை, விலையும் அதிகம். பொது டிக்கெட் 20 யூரோவை ஒட்டித்தான் இருக்கும். அதைப்போல் இரண்டு மடங்கு கேட்டால் நீங்கள் வேறெங்கோ இருக்கிறீர்கள், அல்லது வழிகாட்டியோடு சேர்ந்த சுற்றுலாவை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்திய வங்கி அட்டையில் பணம் போகாமல் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை பல அட்டைகளில் அடைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்ட பிறகு தளத்துக்குள் போங்கள். பாதியில் அறுந்தால் நீங்கள் தேர்ந்த நேரம் வேறொருவருக்குப் போய்விடலாம்.

டிக்கெட்டில் பல வகை காட்டுகிறது. எதை எடுப்பது?

முதல் முறை போகிறவருக்குப் பகல் நேரப் பொது டிக்கெட்தான். அதில் அல்காசாபா எனும் பழைய கோட்டை, நஸ்ரிட் அரண்மனைகள், ஹெனரலீஃபே தோட்டம் மூன்றும் அடங்கும். மூன்றுக்கும் தலா ஒரு முறைதான் நுழைவு. வெளியே வந்தால் வந்ததுதான்.

தோட்டமும் கோட்டையும் மட்டும் உள்ள டிக்கெட் மலிவு. ஆனால் அதில் அரண்மனை இல்லை. பட்டியலில் பெயரைச் சரியாகப் படிக்காமல் அதை வாங்கிவிட்டு, அரண்மனை வாசலில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் தினமும் உண்டு. இரவு டிக்கெட்டில் இரண்டு வகை: ஒன்று அரண்மனைக்கு, மற்றது தோட்டத்துக்கு. இரவில் அரண்மனை அழகுதான். ஆனால் மேல்சுவர்ச் செதுக்கல்களும் கூரையும் பாதி இருளில் போய்விடும். பகலில் பார்த்தவர்கள் இரண்டாம் முறையாகப் போகத் தகுந்தது அது. தோப்லா தே ஓரோ என்ற டிக்கெட்டில் அல்ஹம்ப்ராவோடு அல்பைசினில் உள்ள பழைய நீராடு மண்டபம், அரச மாளிகை ஆகியவையும் சேரும். கூடுதல் விலை சிறிது. நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு லாபம்.

12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் அவர்கள் பெயரிலும் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும். கைக்குழந்தையானாலும் படிவத்தில் சேர்த்துவிடுங்கள்.

படிவத்தில் முதல் பெயர், குடும்பப் பெயர் கேட்கிறது. தந்தை பெயர்தான் நமக்கு இனிஷியல். என்ன எழுதுவது?

பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. சர்நேம் கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால், கிவன் நேமில் உள்ளதையே இரண்டாகப் பிரித்தோ, ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போட்டோ நிரப்பலாம். பாஸ்போர்ட் எண்தான் முக்கியம். அதில் ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது. எண் பூஜ்யத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும் மாற்றிப் போடுவது வழக்கமான தவறு.

டிக்கெட் வாங்கிய பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் முதலில் அதை முடியுங்கள். முடியாமல் போனால் பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுத்துப்போங்கள். உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் டிக்கெட்டோடு பாஸ்போர்ட்டையும் பார்ப்பார்கள், அசலைத்தான். ஓட்டல் லாக்கரில் பாஸ்போர்ட்டைப் பத்திரமாகப் பூட்டிவிட்டு நகலோடு மலையேறுவது, பத்திரமான பழக்கம்தான். இங்கே மட்டும் அது உதவாது.

நாங்கள் போகும் நாளுக்கு டிக்கெட் இல்லை என்கிறது. வேறு வழி?

உண்டு. இந்த வரிசையில் முயலுங்கள்.

முதலில் அதே தளத்தைத் தினமும் திறந்து பாருங்கள். திரும்ப வரும் டிக்கெட்டுகள் ஒன்றிரண்டாகத் தலைகாட்டும். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால் இல்லை என்று காட்டும் நாளில், இருவர் இருவராகத் தேடினால் அடுத்தடுத்த நேரங்களில் கிடைப்பதுண்டு. அரண்மனை நேரம் மட்டும்தான் வேறுபடும். மற்ற இடங்களைச் சேர்ந்தே பார்க்கலாம்.

அடுத்து நகரத்தின் கிரானடா கார்டு. அல்ஹம்ப்ரா, கதீட்ரல், ராயல் சேப்பல், சில மடாலயங்கள், கொஞ்சம் பேருந்துப் பயணம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த அட்டை. அரண்மனை நேரத்தை அட்டை வாங்கும்போதே தேர்ந்துவிட வேண்டும். தனி டிக்கெட் தீர்ந்த நாளிலும் சில சமயம் இதில் இடம் இருக்கும்.

மூன்றாவது, உரிமம் பெற்ற வழிகாட்டியோடு போகும் குழுச் சுற்றுலா. விலை இரட்டிப்புக்கு மேல். வாங்குமுன் நஸ்ரிட் அரண்மனைகள் அடக்கமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எதுவும் அமையவில்லையென்றாலும் மலையேறலாம். நீதி வாசல், மது வாசல், ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் கார்லோஸின் அரண்மனை, கால்யே ரியால் தெரு, அங்குள்ள பழைய பள்ளிவாசல் நீராடு மண்டபம் ஆகியவற்றுக்கு டிக்கெட் வேண்டாம். கார்லோஸ் அரண்மனை 1527இல் பெத்ரோ மச்சூகா வடிவமைப்பில் தொடங்கியது. வெளியே சதுரம், உள்ளே வட்ட முற்றம். சுல்தான்களின் நுணுக்கத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு முரட்டுக் கல் கட்டடத்தை நிறுத்தியிருக்கிறார்களே என்று குறைப்பட்டுக்கொள்வோர் பலர். அந்த முற்றத்தின் நடுவே நின்று மேலே வானத்தைப் பார்த்த பிறகு சொல்லட்டும்.

அரண்மனைக்கு எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஜூன் முதல் செப்டம்பர் நடு வரை, காலை 8:30 அல்லது 9:00. பகலில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், அல்காசாபாவில் ஒதுங்கி நிற்க நிழலே கிடையாது. மற்ற மாதங்களில் காலை 10:30 – 11:00 வசதி, ஏனென்றால் அப்போது நடை ஒரே திசையில் போகும். 9:15க்கு அல்காசாபா, முக்கால் மணி நேரம். பிறகு கார்லோஸ் அரண்மனை. நேரத்துக்கு 15 நிமிடம் முன்னால் நஸ்ரிட் வரிசை. அரண்மனையைவிட்டு வெளிவரும் இடம் பார்தல் என்ற பெயருள்ள தோட்டம். அங்கிருந்து 15 – 20 நிமிடம் நடந்தால் ஹெனரலீஃபே. அதன் பக்கத்திலேயே கீழே இறங்கும் பேருந்து.

மதிய நேரம் கிடைத்தால் இதைத் தலைகீழாக்குங்கள்: ஹெனரலீஃபே முதலில், அரண்மனை அடுத்து, அல்காசாபா கடைசி. அக்டோபர் 15 முதல் மார்ச் 31 வரை மாலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள். மற்ற மாதங்களில் இரவு 8 மணி வரை. குளிர்காலத்தில் அரண்மனை நேரம் 4:30 என்றால் மற்ற இரண்டையும் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று வைத்தால் கதவு சாத்தியிருக்கும்.

நேரம் தவறியவர்களை அரண்மனைக்குள் விடமாட்டார்கள். உள்ளே போனபின் எவ்வளவு நேரமும் இருக்கலாம். இந்த இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கூட்டம் தள்ளுகிற வேகத்தில் 40 நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். உங்கள் தொகுதி முன்னால் போகட்டும் என்று ஒரு மூலையில் 10 நிமிடம் நின்றால், அடுத்த தொகுதி வருவதற்குள் கூடம் சற்றே காலியாகும். படம் எடுப்பதானால் அப்போதுதான்.

மேலே எப்படிப் போவது? எந்த வாசல்?

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். டிக்கெட் அலுவலகம் உள்ள பிரதான நுழைவு மலையின் கிழக்கு ஓரத்தில், ஹெனரலீஃபே பக்கம். நஸ்ரிட் அரண்மனைகள் மேற்குப் பக்கம். நடுவே 15 நிமிட நடை. பிரதான நுழைவில் 10:25க்கு இறங்கி 10:30க்கு அரண்மனைக்குள் நுழைய முடியாது.

டிக்கெட் கையில் இருந்தால் பிரதான நுழைவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. நீதி வாசல் வழியாக நேராக உள்ளே வாருங்கள். அல்காசாபாவும் அரண்மனையும் அதன் அருகிலேயே. 1348இல் சுல்தான் முதலாம் யூசுஃப் காலத்தில் எழுந்த வாசல் அது. உள்ளே பாதை வளைந்து வளைந்து போவது எதிரிப்படை ஒரே ஓட்டமாக ஓடி வந்துவிடக் கூடாதென்பதற்காக.

நடப்பவர்களுக்கு: பிளாஸா நுயேவாவிலிருந்து குவெஸ்தா தே கோமேரெஸ் தெருவில் ஏறி, கிரனாடாஸ் வாசலைக் கடந்தால் மரநிழல் பாதை. மொத்தம் 20 – 25 நிமிடம், நல்ல ஏற்றம். பேருந்து: பிளாஸா இசபெல் லா கத்தோலிகாவிலிருந்து சி30 சிற்றுந்து. அல்பைசினிலிருந்து நேராக வருவதானால் சி32. ஏறும்போது பேருந்து, இறங்கும்போது நடை என்று வைத்துக்கொண்டால் முழங்கால் பிழைக்கும்.

அரண்மனைக்குள் எதைக் கவனிப்பது? எல்லாச் சுவரும் ஒன்றுபோல் தெரிகிறதே!

சுவரை மூன்று அடுக்காகப் பாருங்கள். கீழே இடுப்பளவு, சில இடங்களில் தோளளவு, வண்ண ஓடு பதித்த வடிவியல் கோலம். அதற்கு மேல் சுதையில் செதுக்கிய கொடிகளும் எழுத்தும். உச்சியில் மரக் கூரை அல்லது சுதைக் கூரை. ஒவ்வொரு கூடத்திலும் இந்த மூன்றும் எப்படி மாறுகின்றன என்று பார்த்துக்கொண்டே போனால் ஒன்றுபோல் இருக்காது.

எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருவது நஸ்ரிட் வம்சத்தின் வாசகம்: இறைவனைத் தவிர வெற்றியாளன் இல்லை. அரபி படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு முறை அதன் வடிவத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டால் கதவு நிலை, தூண் தலை, சாளர விளிம்பு என்று எங்கும் அகப்படும். பிள்ளைகளை அழைத்துப் போனால் இதையே விளையாட்டாக்கலாம்.

தூதர் கூடம் கோமாரெஸ் கோபுரத்துக்குள் இருக்கிறது. சுல்தானின் அரியணை அங்கேதான் இருந்தது. அண்ணாந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான மரத்துண்டுகளைக் கோத்து, ஏழு வானங்களை நட்சத்திர வரிசைகளாக அமைத்த கூரை. அரியணையில் இருப்பவர் பின்னிருந்து வரும் வெளிச்சத்தில் நிழலுருவாகத் தெரிவார். வந்து நிற்கும் தூதர் முகத்தில் வெளிச்சம் விழும். சாளரங்களின் அமைப்பைப் பார்த்தால் அந்தக் கணக்கு புரியும்.

சிங்க முற்றம் சுல்தான் ஐந்தாம் முகம்மதுவின் காலத்தது, 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. 124 பளிங்குத் தூண்கள், 12 சிங்கங்கள். சிங்கங்கள் எல்லாம் ஒரே அச்சு இல்லை: பிடரி மயிர், முகம், காது ஒவ்வொன்றிலும் வேறு. பழுதுபார்க்கும் வேலை 2012இல் முடிந்தபின் செதுக்கல் துலக்கமாகத் தெரிகிறது. மேலே உள்ள தொட்டியின் விளிம்பைச் சுற்றி ஓடுவது இப்னு ஸம்ரக்கின் கவிதை. கல் எது, நீர் எது, ஓடுவது எது என்று பிரித்தறிய முடியாமல் போவதைப் பாடுகிறது. அந்த நீர், தாரோ ஆற்றில் சுமார் 6 கிலோமீட்டர் மேலே மறித்து, மலைச்சரிவில் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தது. மின்விசை எதுவும் கிடையாது, சரிவுதான் எல்லாம்.

முற்றத்தின் இரு பக்கக் கூடங்களிலும் நில்லுங்கள். இரு சகோதரிகள் கூடத்தின் கூரை, சிறு சிறு சுதை அறைகள் தேன்கூடாகத் தொங்குவது போன்றது. காலை நேரத்தில் கீழ்ச் சாளரங்களின் வெளிச்சம் ஏற ஏற அதன் நிழல் நகரும். எதிரே உள்ள அபென்செர்ராஹெஸ் கூடத்தில், நீர்த்தொட்டியின் சிவப்புக் கறையைக் காட்டி, வெட்டுண்ட பிரபுக்களின் ரத்தம் என்பார்கள். கதை நன்றாயிருக்கிறது, கறை இரும்புத் துரு.

பை, கேமரா, குழந்தை வண்டி?

40 சென்டிமீட்டருக்கு மேல் நீள அகலமுள்ள பையை உள்ளே விடமாட்டார்கள். சிறு முதுகுப்பையை அரண்மனைக்குள் முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். பின்னால் திரும்பும்போது சுதைச் சுவரில் உரசுகிறது என்பதுதான் காரணம். குழந்தை வண்டி அரண்மனைக்குள் கூடாது, உடலோடு கட்டும் தூளிப்பை கொண்டுபோங்கள். ஃபிளாஷ், முக்காலி இரண்டுக்கும் தடை. குடிநீர் பாட்டில் தாராளமாகக் கொண்டுபோகலாம். கிரானடாவின் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது.

விசா?

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள், ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் போவது சூதாட்டம். கோடைக்கு முன் நேர்முகத் தேதி கிடைப்பதே பாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு.

விசா வருமுன் அல்ஹம்ப்ரா டிக்கெட் வாங்கலாமா என்றால், வாங்கிவிடுங்கள். விசா மறுக்கப்பட்டால் போவது தலைக்கு 20 யூரோ. விசா வந்து டிக்கெட் இல்லையென்றால் போவது பயணத்தின் பாதி.

கிரானடாவுக்கு எப்படி வந்து சேர்வது?

மத்ரிதிலிருந்து நேரடி அதிவேக ரயில், சுமார் மூன்றரை மணி நேரம். 2019இலிருந்து ஓடுகிறது. முன்கூட்டியே வாங்கினால் மலிவு, கடைசி வாரத்தில் விலை ஏறும். கோர்தோபாவிலிருந்து அதே பாதையில் ஒன்றரை மணி நேரம். இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு இது அருமையான இணைப்பு. செவில்லிலிருந்து பேருந்து 3 மணி நேரம். மலாகாவிலிருந்தும் பேருந்துதான் சுலபம், இரண்டு மணி நேரத்துக்குள். மலாகா விமான நிலையத்திலிருந்தே நேராகக் கிரானடாவுக்குச் ஆல்சா நிறுவனத்தின் பேருந்துகள் சில உண்டு. விமானம் தாமதமாகலாம் என்பதை நினைத்து, இறங்கிய 2 மணி நேரத்துக்குப் பிறகுள்ள வண்டியில் இடம் பிடியுங்கள்.

கிரானடாவின் பேருந்து நிலையம் ஊர் நடுவில் இல்லை; வடக்கே 3 கிலோமீட்டர். மெட்ரோ உண்டு, ஆனால் அது பழைய நகருக்குள் போகாது. மூட்டை முடிச்சோடு இருந்தால் டாக்ஸி எடுத்துக்கொள்வதே நல்லது.

எங்கே தங்குவது?

பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் கதீட்ரல், பிப்-ரம்ப்லா சதுக்கம், கிரான் வியா பக்கம் தங்குங்கள். சமதளம், எல்லாம் நடை தூரம்.

அல்பைசினில் ஜன்னலைத் திறந்தால் எதிரே அல்ஹம்ப்ரா என்று விளம்பரம் வரும், பொய்யில்லை. ஆனால் அங்கே தெருக்கள் கூழாங்கல் பதித்தவை, இடையிடையே படிகள், கார் நுழையாத சந்துகள். டாக்ஸி இறக்கிவிடும் இடத்திலிருந்து 200 மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டிவரும். முதுகுப்பைக்காரர்களுக்குச் சரி. ரியாலெஹோ இரண்டுக்கும் நடுவே: பழைய யூதர் பகுதி, நல்ல சாப்பாட்டுக் கடைகள், கூட்டம் குறைவு. கீழ்ப்பகுதியில் அறை எடுங்கள்.

அல்ஹம்ப்ரா வளாகத்துக்குள்ளேயே உள்ள பரதோர் என்ற அரசு ஓட்டல், பழைய பிரான்சிஸ்கன் மடம். கிரானடாவைக் கைப்பற்றிய இசபெல் ராணியின் உடல் 1521 வரை அங்கேதான் இருந்தது. அறை வாடகை கடுமை. காப்பி குடிக்க மட்டும் போகலாம்.

வாடகைக் கார் எடுக்கலாமா?

ஊருக்குள் வேண்டாம். மையப் பகுதியிலும் அல்பைசினிலும் அனுமதியில்லாத வண்டிகளுக்குத் தடை. கேமரா எண்ணைப் படம் பிடித்துவிடும், அபராதம் வாடகை நிறுவனம் வழியாக வீடு தேடி வரும், நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணமும் சேர்க்கும். காரோடுதான் வருகிறீர்கள் என்றால் வண்டி எண்ணை ஓட்டலில் முன்பே சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.

அல்பைசினை எப்படிச் சுற்றுவது?

மேலே வண்டியில் போய்க் கீழே நடந்து வாருங்கள். பிளாஸா நுயேவாவில் சி31 ஏறி சான் நிகோலாஸ் அருகே இறங்குங்கள். அங்குள்ள மேடையிலிருந்துதான் அஞ்சலட்டைப் படம்: எதிரே செந்நிறக் கோட்டை, பின்னால் மே மாதம் வரைகூடப் பனி மூடிய சியேரா நெவாடா. அந்தி வேளையில் நிற்க இடமிருக்காது, ஜேப்படிக்காரர்களும் வருவார்கள். பக்கத்திலேயே உள்ள பள்ளிவாசலின் தோட்டத்திலிருந்து அதே காட்சி. திறந்திருக்கும் நேரத்தில் யாரும் போகலாம், அமைதியாக இருக்கும். காலை 9 மணிக்குப் போனால் சான் நிகோலாஸே காலியாக இருக்கும், ஆனால் வெளிச்சம் எதிர்ப்பக்கம்.

அங்கிருந்து பெஸாஸ் வளைவு வழியாக பிளாஸா லார்காவுக்கு இறங்கி, சந்துகளில் கீழ்நோக்கியே நடந்தால் தாரோ ஆற்றங்கரைத் தெரு வந்துவிடும். வழி தவறினால் கவலை வேண்டாம். கீழே இறங்குகிற எந்தத் தெருவும் ஆற்றுக்கோ ஊர் நடுவுக்கோ கொண்டுபோய் விடும். ஆற்றங்கரையில் எல் பன்யுவேலோ, 11ஆம் நூற்றாண்டு நீராடு மண்டபம்: கூரையில் நட்சத்திர வடிவத் துளைகள், 20 நிமிடம் போதும். மழை பெய்த கூழாங்கல் வழுக்கும். வழவழப்பான அடிப்பாகமுள்ள செருப்பு வேண்டாம்.

கதீட்ரல், ராயல் சேப்பல் இரண்டுமே பார்க்க வேண்டுமா?

ஒன்றுதான் முடியும் என்றால் ராயல் சேப்பல். 1492இல் கிரானடாவைக் கைப்பற்றிய இசபெல், பெர்னாந்தோ இருவரும், மகள் ஹுவானாவும் மருமகன் பிலிப்பும் இங்கேதான் அடக்கம். மேலே பளிங்குச் சிலைகள் படுத்த கோலத்தில். படியிறங்கிக் கீழே போனால் சாதாரண ஈயப் பெட்டிகள். இசபெல் சேர்த்த பிளெமிஷ் ஓவியங்களும் அங்கேயே உண்டு. படம் எடுக்கக் கூடாது.

கதீட்ரலும் சேப்பலும் ஒட்டியிருந்தாலும் வாசல் வேறு, டிக்கெட் வேறு. ஒன்றின் வரிசையில் நின்று மற்றதன் டிக்கெட்டை நீட்டாதீர்கள்.

தபாஸ் இலவசம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். பானம் ஒன்று வாங்கினால் ஒரு சிறு தட்டு உணவு கூடவே வரும், காசில்லாமல். பீருக்கு மட்டுமல்ல, குளிர்பானத்துக்கும் உண்டு, காப்பிக்குக் கிடையாது. பெரும்பாலான கடைகளில் எது வரும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது; இரண்டாவது பானத்துக்கு வேறு தட்டு வரும். மூன்று கடை ஏறி இறங்கினால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

மதியச் சாப்பாடு 2 முதல் 4 மணி வரை. இரவு 8:30க்கு முன் சமையலறை திறப்பது அரிது. 12 மணிக்கும் 7 மணிக்கும் பசிக்கிற நம் வயிற்றுக்கு இது சோதனை. காலைச் சிற்றுண்டியைக் கனமாக்கி, கைவசம் பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

சமாளிக்கலாம், கேட்டுக் கேட்டு. சிக்கல் எங்கே என்றால், இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் பலர் அதை மாட்டிறைச்சி, பன்றி வறுவல் என்றே எடுத்துக்கொள்வார்கள். தூவிய ஹாமோனும் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) சாலட்டில் கலந்த சூரை மீனும் அவர்கள் கணக்கில் வராது. அதனால் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: "சோய் வெஹெதாரியானோ. நி கார்னே, நி ஹாமோன், நி பெஸ்காதோ, நி அத்தூன்." நான் சைவம், இறைச்சி, ஹாமோன், மீன், சூரை எதுவும் வேண்டாம் என்று பொருள். பெண்கள் வெஹெதாரியானா என்பார்கள். பானம் கேட்கும்போதே சொன்னால் இலவசத் தட்டையும் மாற்றித் தருவார்கள். தட்டு வந்தபின் சொன்னால் சங்கடம்.

நம்பி வாங்கக்கூடியவை: வறுத்த கத்தரிக்காய்மேல் கரும்புப் பாகு ஊற்றிய பெரென்ஹேனாஸ் கோன் மியெல், கஸ்பாச்சோ எனும் குளிர்ந்த தக்காளி சூப், சுட்ட மிளகாய். சல்மொரேஹோ கெட்டித் தக்காளிக் குழம்பு. மேலே ஹாமோனும் முட்டையும் தூவுவது வழக்கம், வேண்டாமென்று சொல்ல வேண்டும். உருளைக்கிழங்குத் தோர்த்தியாவில் முட்டை உண்டு. சந்தேகப்பட வேண்டியவை: குரோக்கெட்டாஸ் எனும் பொரித்த உருண்டைகள், பருப்பு வகைக் குழம்புகள், தெளிவான சூப். பார்வைக்குச் சைவமாக இருக்கும், கொதித்தது பன்றி எலும்போடு. கால்தெரேரியா நுயேவா தெருவின் மொராக்கோ கடைகளில் காய்கறி கூஸ்கூஸ், ஃபலாஃபெல் கிடைக்கும்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் பிற்பாதி முதல் மே முடிய, செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் முடிய. ஊர் கடல்மட்டத்துக்கு 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் கோடையிலும் இரவு சற்று இதம். டிசம்பர், ஜனவரி இரவுகள் பூஜ்யத்தைத் தொடும். ஸ்பெயின் என்றால் சூடு என்று மெல்லிய சட்டையோடு ஜனவரியில் வந்து நடுங்குவோர் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊர்வலங்கள் அற்புதம், அறை வாடகை பயங்கரம், பேருந்துப் பாதைகள் மாறும்.

வயதான அம்மா அப்பாவோடு போகலாமா?

போகலாம், இரண்டு விட்டுக்கொடுத்தலோடு. அல்காசாபாவின் வேலா கோபுரப் படிகளை அவர்கள் தவிர்க்கட்டும். அல்பைசினில் சிற்றுந்திலேயே ஒரு சுற்று சுற்றி, சான் நிகோலாஸில் மட்டும் இறங்கட்டும். அல்ஹம்ப்ராவில் மொத்த நடை 3 கிலோமீட்டருக்குக் குறையாது. ஹெனரலீஃபேயை வேறு வேளைக்கு ஒத்திப்போட்டு நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் தாங்கும்.

ஏமாற்று வேலைகள்?

கதீட்ரலைச் சுற்றி, ரோஸ்மேரிக் கொத்தைக் கையில் திணிக்கும் பெண்கள் நிற்பார்கள். வாங்கினால் கையைப் பிடித்து ரேகை பார்ப்பார்கள், பிறகு பணம் கேட்பார்கள், சில்லறை போதாதென்பார்கள். கையை நீட்டாமல் நடந்துகொண்டே இருங்கள். மற்றபடி பத்திரமான ஊர். பேருந்துக் கூட்டத்தில் பையை முன்னால் வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது நாள் கிடைத்தால்?

சியேரா நெவாடாவின் தென்சரிவில் அல்புஹாரா கிராமங்கள்: பாம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரா மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, வெள்ளை வீடுகள், தட்டை மண்கூரைகள். கிரானடாவிலிருந்து பேருந்து உண்டு, ஒரு நாளைக்குச் சிலவே. காலையில் போவதற்கு முன்பே திரும்பும் வண்டியின் நேரத்தைக் குறித்து, அதற்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள். கபிலெய்ராவில் இறங்கி, கீழ்நோக்கிப் பாம்பனெய்ரா வரை நடந்து, அங்கே திரும்பும் பேருந்தைப் பிடிப்பதுதான் கால் நோகாத வழி. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கை கேளுங்கள்.